ஓவன் வாங்கியாயிற்று, இணைப்பை யாரிடம் ஒப்படைப்பது? வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் மின்சார ஓவன் பொருத்துவது குறித்து வந்த கடிதங்களில், ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகளைச் சேர்த்து இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். இவை யாவும் கம்பிச்சுருள் சூடேறி இயங்கும் ஓவனைப் பற்றியவை. மைக்ரோவேவ் ஓவன் வேறு வகை என்பதால் அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: அலமாரிக்குள் பொருத்தும் வகை ஓவன் ஒன்றை வாங்கியிருக்கிறோம். முதலில் வந்த எலக்ட்ரீஷியன், சமையல் மேடைக்கு மேலே இருக்கும் பிளக்கிலேயே இணைத்துவிடலாம், சிறிது நேர வேலைதான் என்றார். அடுத்து வந்தவர், மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுக்காமல் இந்த வேலையைத் தொடமாட்டேன் என்று சொல்லி, முன்னவர் கேட்டதைவிடப் பல மடங்கு கூலி கேட்கிறார். யார் சொல்வதை நம்புவது?

பதில்: ஓவனின் கதவைத் திறந்து, சட்டத்தின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் விவரத் தகட்டை முதலில் பாருங்கள். அதில் வோல்ட், வாட் ஆகிய இரண்டும் அச்சிடப்பட்டிருக்கும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் எத்தனை ஆம்பியர் மின்னோட்டம் தேவை என்பது தெரிந்துவிடும். 230 வோல்ட் மின்சாரத்தில் 2,000 வாட் ஓவன் ஏறத்தாழ 8.7 ஆம்பியரையும், 3,000 வாட் ஓவன் 13 ஆம்பியரையும், 3,500 வாட் ஓவன் 15 ஆம்பியருக்குச் சற்று அதிகமாகவும் இழுக்கும். மேலே அடுப்பும் கீழே ஓவனும் சேர்ந்த கருவியாக இருந்து அதன் மொத்தத் திறன் 7,000 வாட்டைத் தொடுமானால், தேவை 30 ஆம்பியரைத் தாண்டிவிடுகிறது.

இனி அந்தப் பிளக்கைப் பாருங்கள். அது அதிக ஆம்பியர் தாங்கும் பவர் பிளக்காக இருந்து, மெயின் போர்டிலிருந்து அதற்கென்றே தனி லைன் வந்து, உங்கள் ஓவனும் 3,000 வாட்டுக்குள் இருந்து, தயாரிப்பாளரின் குறிப்பேடும் பிளக் வழி இணைப்பை அனுமதித்தால், முதலாமவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் பெரும்பாலான சமையலறைகளில் மேடைக்கு மேலே இருக்கும் பிளக்குகள் எல்லாம் ஒரே லைனில் கோக்கப்பட்டிருக்கும். கிரைண்டர், குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் சூடாக்கும் கெட்டில் ஆகியவை ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டிருக்கும் ஒரு கம்பியில் ஓவனையும் மாட்டினால், அந்தக் கம்பி தாங்க வேண்டியதற்கு மேல் சுமக்கும்.

மெயின் போர்டில் எம்.சி.பி. என்ற தானியங்கித் துண்டிப்பு சுவிட்ச் இருக்கிறதே, சுமை கூடினால் அது விழுந்துவிடாதா, அதாவது மின்சாரத்தைத் துண்டித்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். உடனே விழாது என்பதைத்தான் பலர் அறிவதில்லை. சர்வதேசத் தரத்தின்படி, வீட்டு உபயோகத்துக்கான 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று, தன் அளவைப்போல் 1.13 மடங்கு, அதாவது 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் ஓடினாலும் விழாமல் இருக்க வேண்டும், 1.45 மடங்கு, அதாவது 23 ஆம்பியர் ஓடும்போதுகூட ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதுமானது. கெட்டில் சில நிமிடங்களில் அணைந்துவிடும். ஓவனோ ஒரு மணி நேரத்துக்கும் மேல் தொடர்ந்து வேலை செய்யும். வெப்பநிலை எட்டியதும் தெர்மோஸ்டாட் அவ்வப்போது மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்துக் கொடுக்கும் என்பது உண்மைதான். அது மின் கட்டணத்தைக் குறைக்கும். கம்பியின் தடிமனை முடிவு செய்யும்போதோ முழுச் சுமையைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆகவே, உங்கள் வீட்டுப் பிளக் எந்த லைனில் இருக்கிறது என்று மெயின் போர்டைத் திறந்து பார்த்துச் சொன்னவர் யாரோ, அவர் பேச்சைக் கேளுங்கள். இருவருமே பார்க்கவில்லை என்றால் மூன்றாவது ஒருவரை அழைப்பதில் தவறில்லை. தனி லைன் என்று முடிவானால், செம்புக் கம்பியில் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 2.5 சதுர மில்லிமீட்டர், 32 ஆம்பியருக்கு 6 சதுர மில்லிமீட்டர் என்பது வழக்கமான தொடக்க அளவு. லைனின் நீளம், சுவருக்குள் செல்கிறதா வெளியே செல்கிறதா, ஒரே குழாயில் எத்தனை கம்பிகள் சேர்ந்து போகின்றன என்பவற்றைப் பொறுத்து இதைவிடத் தடித்த கம்பியும் தேவைப்படலாம். அந்தக் கணக்கைச் செய்வதற்காகத்தான் அந்த இரண்டாமவர் கூடுதல் கூலி கேட்கிறார்.

கேள்வி: எனக்கு மின்சாரத்தைப் பற்றி எதுவும் தெரியாது. வருகிறவர் வேலை தெரிந்தவர்தானா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உங்கள் பகுதியில் மின்பணி செய்வதற்கு உரிமம் கட்டாயம் என்றால், அதைக் காட்டும்படி தயங்காமல் கேளுங்கள். உரிமம் உள்ளவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். காப்பீடும் ஓவனின் உத்தரவாதமும் உரிமம் பெற்றவர் செய்த இணைப்பைப் பொறுத்து அமைவதுண்டு என்பதால், இது வெறும் சம்பிரதாயமும் அன்று.

அதற்குமேல், அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். நல்ல மின்பணியாளர் கூலியைச் சொல்வதற்கு முன் பல கேள்விகள் கேட்பார். ஓவனின் மாடல் எண் என்ன, குறிப்பேடு கையில் இருக்கிறதா, மீட்டர் எங்கே இருக்கிறது, வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு, ஓவன் ஓடும் நேரத்தில் ஏ.சி.யும் வாட்டர் ஹீட்டரும் ஓடுமா, வயரிங் எப்போது செய்தது, செம்பா அலுமினியமா என்றெல்லாம் விசாரிப்பார். ஓவன் இன்னும் அட்டைப்பெட்டிக்குள் இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. அவர் பார்க்க விரும்புவது மெயின் போர்டைத்தான். ஓவனைப் பொருத்துவது என்று நாம் பேச்சுக்குச் சொன்னாலும், அவர் செய்யப்போகும் வேலையில் பெரும்பகுதி போர்டுக்கும் ஓவனுக்கும் இடையே உள்ள கம்பியில்தான் இருக்கிறது.

அவர் பையில் என்ன கருவிகள் இருக்கின்றன என்பதும் ஓர் அடையாளம். ஸ்க்ரூடிரைவர் வடிவ டெஸ்டர் ஒன்றை மட்டும் கொண்டுவருகிறவரிடம் இந்த வேலையை ஒப்படைக்காதீர்கள். டெஸ்டரில் விளக்கு எரிந்தால் பேஸ், அதாவது மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பியில் மின்சாரம், வருகிறது என்பது தெரியும். மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் சரியாக இருக்கிறதா, கசிவைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. மின்சாரம் நின்றுவிட்டது என்று உறுதி செய்வதற்கும் அதை நம்ப முடியாது. மல்டிமீட்டர், காப்பு எதிர்ப்பை (மின்சாரம் கசியாமல் கம்பியின் உறை எவ்வளவு தடுக்கிறது என்பதை) அளக்கும் மெகர், கம்பி முனையில் மாட்டும் உலோக உறையான லக்கை அழுத்தும் கருவி ஆகியவை அவரிடம் இருக்க வேண்டும்.

லக் பற்றி ஒரு வார்த்தை. பல இழைகள் கொண்ட கம்பியை வெறுமனே முறுக்கி ஸ்க்ரூவின் கீழ் செருகினால், சில இழைகள் பிடிக்குள் வராமல் வெளியே நின்றுவிடும். ஈயம் பூசி முனையைக் கெட்டியாக்கினால் போதும் என்று சிலர் செய்கிறார்கள். ஈயம் மென்மையானது, அழுத்தத்திலும் சூட்டிலும் மெல்ல நழுவி, காலப்போக்கில் ஸ்க்ரூவின் பிடி தளர்ந்துவிடும். லக் வைத்து அழுத்துவதே சரியான முறை. இதில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு தளர்ந்த இணைப்பில் 0.1 ஓம் தடை மட்டுமே இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் வழியே 15 ஆம்பியர் ஓடும்போது, மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால், அந்த ஒரு புள்ளியில் 22.5 வாட் வெப்பம் பிறக்கிறது. பற்றவைக்கப் பயன்படும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். கிட்டத்தட்ட அதே சூடு, பிளாஸ்டிக் பெட்டிக்குள், யார் கண்ணிலும் படாமல் மணிக்கணக்கில் இருந்துகொண்டிருக்கும். மின்னோட்டத்தின் அளவு கூடவில்லை என்பதால் எம்.சி.பி.யும் இதைக் கண்டுகொள்ளாது.

கடைசியாக, ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். “எம்.சி.பி. விழுந்தால் பெரியதாக மாற்றிக்கொள்ளலாம்” என்று ஒருவர் சொன்னால், அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். எம்.சி.பி. என்பது சுவருக்குள் இருக்கும் கம்பியைக் காப்பதற்காக இருக்கிறது. கம்பியை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரியதாக்கினால், அந்தக் காவலை எடுத்துவிட்டதாகவே பொருள்.

கேள்வி: ஓவனை ஓட்டிய சிறிது நேரத்தில் போர்டில் இருந்த ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருந்தது. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், எம்.சி.பி. இருக்கும்போது இது தேவையில்லை என்று சொல்லி அதை நீக்கி நேரடியாக இணைத்துவிட்டார். இப்போது ஓவன் நன்றாக ஓடுகிறது. இது சரியா?

பதில்: சரியன்று. அதைத் திரும்பப் பொருத்தும் வரை ஓவனின் சுவிட்சை அணைத்து வைத்திருங்கள். கூடுமானால் அந்த லைனின் எம்.சி.பி.யையும் கீழே இறக்கிவிடுங்கள்.

எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் வெவ்வேறு ஆபத்துகளுக்கானவை. பத்துக் கணக்கான ஆம்பியர் ஓடும்போது கம்பி எரிந்துவிடாமல் காப்பது எம்.சி.பி. பேஸ் வழியே போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் வழியே திரும்பி வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்து, இடையில் எங்கோ கசிகிறது என்றால் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. வீட்டுப் பாதுகாப்புக்கான ஆர்.சி.சி.பி. 30 மில்லியாம்பியர் கசிவில் 0.3 விநாடிக்குள் விழ வேண்டும். மனித உடல் வழியே அந்த அளவு மின்சாரம் தொடர்ந்து ஓடினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அதே அளவு 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு ஒன்றுமே இல்லை. அதன் அளவில் அது ஐந்நூறில் ஒரு பங்குகூட அன்று. உலோக உடல் கொண்ட ஓவனை ஈரக் கையால் தொடும் இடம் சமையலறை. ஆர்.சி.சி.பி. அங்கே வேண்டாம் என்று சொல்பவர் அதன் வேலையைப் புரிந்துகொள்ளவில்லை.

அது ஏன் விழுந்தது என்பதுதான் அவர் தேடியிருக்க வேண்டிய விடை. இரண்டு காரணங்கள் அடிக்கடி காணப்படுகின்றன. முதலாவது, ஓவனின் சூடேற்றும் குழாயில் ஈரம். எஃகுக் குழாய்க்குள் கம்பிச்சுருளை வைத்து, அதைச் சுற்றி மக்னீசியம் ஆக்ஸைடு தூளை அடைத்து இந்தக் குழாய்களைச் செய்கிறார்கள். அந்தத் தூள் வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. கிடங்கில் நெடுநாள் கிடந்த புது ஓவனிலும், மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைத்த பழைய ஓவனிலும் இந்த ஈரத்தால் சிறிய கசிவு ஏற்படும். சூடேறச் சூடேற ஈரம் வெளியேறிச் சரியாகிவிடுவதும் உண்டு, குழாயே பழுதாகியிருப்பதும் உண்டு. மெகரால் அளந்து பார்த்தால்தான் எது என்று சொல்ல முடியும்.

இரண்டாவது, போர்டில் நடந்த இணைப்புத் தவறு. ஓவனுக்கான பேஸை ஆர்.சி.சி.பி.க்குப் பின்னாலிருந்து எடுத்துவிட்டு, நியூட்ரலை அதோடு சேராத வேறொரு இணைப்புப் பட்டையில் மாட்டிவிட்டால், போன மின்னோட்டம் ஆர்.சி.சி.பி. வழியே திரும்பாததால் அது விழும். நியூட்ரலும் எர்த்தும் எங்காவது தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே விளைவுதான். ஓவனில் குறையா, லைனில் தவறா என்று பிரித்தறிய உங்களாலேயே ஓரளவு முடியும். ஓவனை இயக்கிய கணத்திலேயே விழுந்து, அதே பிளக்கில் இஸ்திரிப் பெட்டியை மாட்டினாலும் விழுந்தால், பெரும்பாலும் லைனில் தவறு. இஸ்திரிப் பெட்டி நன்றாக ஓடி, ஓவன் மட்டும், அதுவும் கீழ்ச் சூடு அல்லது மேல்சூடு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் விழுந்தால், பெரும்பாலும் அந்தக் குழாயில் குறை. நீங்கள் ஓட்டிய சிறிது நேரம் கழித்து விழுந்ததாக எழுதியிருப்பதால், எனக்கு ஓவன் மீதுதான் சந்தேகம் அதிகம். ஆர்.சி.சி.பி.யைத் திரும்பப் பொருத்தச் செய்த பிறகு, இந்த விவரங்களைக் குறித்து வைத்துத் தயாரிப்பாளரின் சேவை மையத்தை அழையுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு மிகப் பழையது. எர்த் கம்பியே கிடையாது. தண்ணீர்க் குழாயில் எர்த் கொடுத்துவிடலாம் என்கிறார்கள்.

பதில்: வேண்டாம். இடையில் எங்காவது ஒரு பிளாஸ்டிக் குழாய் செருகப்பட்டிருந்தால் அந்த எர்த் வெறும் தோற்றமாகிவிடும். ஓவனில் கசிவு ஏற்பட்டால் வீட்டிலுள்ள குழாய்கள் எல்லாவற்றிலும் மின்சாரம் பரவும். ஓவன் வாங்கும் எண்ணத்தைச் சிறிது தள்ளிவைத்து, முதலில் முறையான எர்த் அமைத்து அதன் தடையை அளந்து பார்க்கச் செய்யுங்கள். ஆர்.சி.சி.பி. இருந்தால் எர்த் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும் என்று ஒரு வாதம் உண்டு. வேலை செய்யும்தான், ஆனால் எர்த் இல்லாத வீட்டில் கசிவு மின்சாரம் தரையை அடைவதற்கு வழி, ஓவனைத் தொடும் மனிதரின் உடல்தான். அவர் தொட்ட பிறகே ஆர்.சி.சி.பி. விழும். எர்த் இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும்.

வீடு அவ்வளவு பழையது என்றால், கம்பி அலுமினியமா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அலுமினியத்தின் மேற்பரப்பில் படியும் ஆக்ஸைடு மின்சாரத்தைத் தடுக்கும். அழுத்தத்தில் அது மெல்ல நெகிழவும் செய்யும். பழைய அலுமினிய லைனில் ஓவனை இணைப்பதற்கு நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன்.

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம், சுவரை உடைக்க முடியாது. நல்ல தரமான எக்ஸ்டென்ஷன் கம்பி போட்டு ஓவனை ஓட்டலாமா?

பதில்: கூடாது. எக்ஸ்டென்ஷனில் இணைப்புப் புள்ளிகள் கூடுகின்றன, கம்பியும் பெரும்பாலும் மெல்லியது, சுருட்டி வைத்தால் வெப்பம் வெளியேற வழியும் இல்லை. உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி பெற்று, சுவரை உடைக்காமல் வெளிப்புறமாகப் பிளாஸ்டிக் கேசிங்கில் தனி லைன் எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் வழியில்லை என்றால், இருக்கும் பவர் பிளக் தாங்கும் அளவுக்குள் உள்ள சிறிய மேசை ஓவனே பொருத்தமானது.

கேள்வி: ஓவனின் பின்புறம் ஐந்தாறு முனைகள் இருக்கின்றன, இடையே பித்தளைத் தகடுகளும் இருக்கின்றன. படத்தைப் பார்த்து நானே இணைத்துவிடலாமா?

பதில்: இதற்காகத்தான் மின்பணியாளரை அழைக்க வேண்டும். ஒரே கருவியை ஒற்றைப் பேஸ் வீட்டிலும் மூன்று பேஸ் வீட்டிலும் பயன்படுத்துவதற்காக அத்தனை முனைகளை வைத்திருக்கிறார்கள். எந்த முனைகளை அந்தத் தகடுகளால் இணைக்க வேண்டும் என்பது வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பொறுத்து மாறும். ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் இருக்கும் அமைப்பில், இரண்டு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட் இருக்கும். தகடு இடம் மாறினால் 230 வோல்ட்டுக்கான சூடேற்றும் குழாய்க்கு 400 வோல்ட் போய்ச் சேரலாம். அதன் திறன் மூன்று மடங்காகிக் குழாய் எரிந்துபோகும். உத்தரவாதமும் உங்களுக்கு உதவாது.

கேள்வி: தச்சரை முதலில் அழைப்பதா, எலக்ட்ரீஷியனை முதலில் அழைப்பதா?

பதில்: மின்பணியாளரை, ஆனால் தச்சரும் உடன் இருக்கும் வேளையில். ஓவனுக்கு நேர் பின்னால் பிளக் அமைந்தால் ஓவன் முழுவதுமாக உள்ளே போகாது. போனாலும் கம்பி நசுங்கும், பின்புறச் சூடும் நேரே பிளக்கின் மீது படும். ஆகவே பிளக்கை அடுத்த அலமாரிக்குள் வைப்பது நல்லது. பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் தனி சுவிட்ச் ஒன்று, ஓவனை வெளியே இழுக்காமலே கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதை ஓவனுக்கு நேர் மேலே வைத்துவிடாதீர்கள். ஓவனுக்குள் புகையோ தீயோ தோன்றினால் அதன் மீது கை நீட்டித்தான் அணைக்க வேண்டியிருக்கும்.

அலமாரியின் பின்பலகையை முழுவதுமாக அடைத்துவிடுவது தச்சர்களின் பழக்கம். குறிப்பேட்டில் சொல்லியிருக்கும் காற்று இடைவெளியை அவருக்குப் படத்தோடு காட்டுங்கள். சாதாரண பி.வி.சி. உறையுள்ள கம்பி 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். ஓவனின் பின்புறம் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த உறை நாளடைவில் இறுகி விரிசல் விடும். ஓவனோடு சேரும் கடைசிப் பகுதிக்கு வெப்பம் தாங்கும் கம்பியையே கேளுங்கள்.

கேள்வி: வேலை முடிந்ததும், பணம் கொடுப்பதற்கு முன் நான் என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே நீங்கள் அருகில் இருக்க வேண்டும். எர்த் கம்பி போர்டிலிருந்து ஓவனின் உலோக உடல் வரை தொடர்ச்சியாக இருப்பதை மல்டிமீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். புதிய லைனின் காப்பு எதிர்ப்பை, ஓவனை இணைக்காத நிலையில், 500 வோல்ட் மெகரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் குறைவாக இருந்தால் ஏற்கக்கூடாது, புதிதாக இழுத்த லைனில் அதைவிடப் பல மடங்கு அதிகமாகவே இருக்கும். மின்சாரம் வந்தபின் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது உடனே விழ வேண்டும். அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிப்பதில்லை, கருவி விழுகிறதா என்பதை மட்டுமே காட்டும் என்பதால், முதலில் சொன்ன அளவீட்டுக்கு இது மாற்றாகாது. போர்டில் அந்த எம்.சி.பி.க்கு அருகே “ஓவன்” என்று எழுதி ஒட்டச் செய்யுங்கள். பயன்படுத்திய கம்பியின் அளவு, எம்.சி.பி.யின் அளவு, அளவீட்டு முடிவுகள் ஆகியவற்றை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

பிறகு, அவர் கிளம்புவதற்கு முன், ஓவனை வெறுமையாக அதிகபட்ச வெப்பநிலையில் ஓட்டுங்கள். எவ்வளவு நேரம் என்பது குறிப்பேட்டில் இருக்கும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டினால்தான் லைனின் குறைகளும் வெளிப்படும். தயாரிப்பின்போது பூசிய எண்ணெய் எரிவதால் உள்ளிருந்து வாடையும் சிறிது புகையும் வருவது இயல்பு. சன்னல்களைத் திறந்து வைத்தால் போதும். அதே வாடை சுவிட்சிலிருந்தோ பிளக்கிலிருந்தோ வந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஓட்டி முடித்தபின் சுவிட்சின் முகப்பையும் எம்.சி.பி.யின் முகப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இலேசான வெதுவெதுப்பு இருக்கலாம். கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உள்ளே பிடி தளர்ந்திருக்கிறது, அதைத் திறந்து சரிசெய்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் உலோகம் விரிந்து சுருங்குவதால், சில வாரப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை வந்து ஸ்க்ரூக்களின் இறுக்கத்தைப் பார்த்துத் தருவதையும் தொடக்கத்திலேயே கூலியில் சேர்த்துப் பேசிவிடுங்கள்.